மரத்தில் ஓட்டை, விரிசல், திட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். ஓட்டையை நன்றாகத்தான் அடைத்தேன், பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிகிறது என்கிறார்கள். அதற்கு ஒரு கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன், மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மேசையில் சின்ன ஓட்டை இருக்கிறது. எதை வைத்து அடைத்தால் தெரியாது?

என்ன மரம், எவ்வளவு பெரிய ஓட்டை, ஏற்கெனவே பாலிஷ் போட்டதா, வெறும் மரமா, இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் கேட்டால் நான் எதை நினைத்துப் பதில் சொல்வது? பாலிஷ் முடிந்த மேசை, ஓட்டை மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் என்றால் நிறத்துக்கேற்ற மெழுகுக் குச்சியை அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, துணியால் துடைத்துவிடுங்கள். வெறும் மரம் என்றால் மெழுகின் பக்கமே போக வேண்டாம், அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது. மெழுகு எப்போதும் கடைசி வேலை.

ஆணித்துளைகளைப் பாலிஷுக்கு முன் அடைப்பதா, பின் அடைப்பதா?

இரண்டுக்கும் நடுவில். உப்புத்தாள் போட்டுத் தூசியைத் தட்டி, ஒரு கோட் சீலரை (பாலிஷுக்கு முன் மரத்தின் நுண்துளைகளை மூடும் பூச்சு) மெல்லிசாக அடித்துக் காயவிடுங்கள். மரம் தன் உண்மையான நிறத்தை அப்போதுதான் காட்டும், அதைப் பார்த்துப் பட்டியை, அதாவது ஓட்டையை அடைக்கும் கலவையை, கலக்கலாம். இன்னொரு லாபம், பட்டி சுற்றியிருக்கும் நார்க்குழிகளுக்குள் இறங்கிக் கறையாகாது. அடைத்துக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு மீதிக் கோட்களை அடியுங்கள்.

அதே மரத்தின் தூளைத்தான் வெள்ளைப் பசையில் குழைத்து அடைத்தேன். ஆனாலும் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறதே, ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. அதே மரத்தின் தூள் என்றால் அதே நிறம் வரும் என்ற நம்பிக்கை எப்படியோ ஊன்றிவிட்டது, எத்தனை நல்ல மேசைகள் இதனால் கெட்டுப்போயின என்று நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மரப் பரப்பில் நார் நீளவாட்டில் படுத்திருக்கிறது, ஒளி அதில் பட்டுத் திரும்புவதும் அந்த மரத்தின் நிறத்தில் ஒரு பங்கு. தூளாக்கிவிட்டால் அந்தப் படுக்கை போய்விடுகிறது. துணுக்குகள் கண்டபடி கிடக்கின்றன, அவற்றின் வெட்டு முனைகள் பசையைக் குடித்து நனைந்த மரம்போல இருண்டுவிடும், பசை காய்ந்த பிறகும் அந்த ஈர நிறம் போவதில்லை. ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறி நிறம் ஏற்றும் திரவம்) அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, ஏனென்றால் காய்ந்த பசைக்குள் ஸ்டெயின் ஏறாது. ஆகவே ஸ்டெயின் போடாதவர்களுக்குக் கறுத்த புள்ளி, போட்டவர்களுக்கு வெளிறிய புள்ளி, அதைச் சுற்றிப் பசை வழிந்த இடமெல்லாம் ஒரு வளையம். இரண்டு புகார்களும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன.

சரி, இனி என்ன செய்வது? மெல்லிய உளியால் அந்தப் பட்டியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வரை தோண்டி எடுங்கள். ரம்பத்தூள் வேண்டாம், அது சொரசொரப்பானது. 150 அல்லது 180 எண் உப்புத்தாளில் தேய்த்து விழும் மாவு போன்ற தூள்தான் வேண்டும், அதுவும் உங்கள் மரத்தைவிட ஒரு படி வெளிறிய மரத்தின் தூளாக இருக்கட்டும். பசைக்குப் பதில் அரக்குக் கரைசலிலோ சீலரிலோ குழையுங்கள். நிறத்துக்கு ஆக்சைடு பொடி போதும்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஜன்னல் ஓரமாக ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு, முதலில் மஞ்சளைச் சேருங்கள், அப்புறம் சிவப்பு ஒரு சிட்டிகை, கறுப்பைக் கடைசியில் ஊசி முனையில் தொட்டு எடுக்கும் அளவு. கறுப்பு கூடிப்போனால் திரும்ப வழியில்லை, புதிதாகத்தான் கலக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நிறம் சேர்க்கவே சேர்க்காதீர்கள், இரவில் பொருந்தியது பகலில் பொருந்தாது.

எந்த நிறத்துக்குச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காய்ந்த வெறும் மரத்தைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது. ஒரு துணியில் தின்னரைத் தொட்டு மரத்தில் ஒரு இழுப்பு இழுங்கள், சில விநாடிகள் தெரிகிற அந்த ஆழ்ந்த நிறம்தான் பாலிஷுக்கு அடியில் தெரியப்போகிற நிறம். (ஏற்கெனவே பாலிஷ் உள்ள மரத்தில் இதைச் செய்யாதீர்கள், தின்னர் பாலிஷைக் கரைத்துவிடும். பக்கத்தில் அடுப்பும் பீடியும் இருக்கக் கூடாது.) பட்டியையும் வீண் துண்டு ஒன்றில் தடவிக் காயவிட்டு, மேலே ஒரு கோட் பாலிஷ் போட்டுப் பாருங்கள். வீண் துண்டில் பார்க்காமல் நேராக மேசையில் வைக்காதீர்கள், இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. துல்லியமாக அமையவில்லை என்றால் ஒரு இழை இருண்ட பக்கமே போங்கள். சின்னக் கறுத்த புள்ளியைக் கண் கணு என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும், வெளுத்த புள்ளியில் போய் நிற்கும்.

எபாக்சியால் அடைத்த இடத்தில் பிறகு ஸ்டெயின் ஏறுமா?

ஏறாது. எபாக்சி இரண்டு பொருளைக் கலந்து இறுகவிடும் பிசின், கலக்கும்போதே நிறப் பொடியைச் சேர்க்க வேண்டும், பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். தாண்டினால் சரியாக இறுகாது.

பலகைகளை அடுக்கிச் செய்த மேசை. நடு இடைவெளியில் வருடாவருடம் பட்டி வைக்கிறேன், வருடாவருடம் உதிர்ந்துவிடுகிறது. எந்தப் பட்டி நிற்கும்?

எந்தப் பட்டியும் நிற்காது. மரம் ஈரக் காலத்தில் அகலவாட்டில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். இருபது சென்டிமீட்டர் பலகை ஒன்று ஓரிரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். நடுவில் கல்போல இறுகிய பட்டி நொறுங்கும், அல்லது பலகையையே நெருக்கி வளைக்கும். அதே மரத்தில் மெல்லிய சில்லு சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள், மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். உறுத்தலாக இல்லையென்றால் சும்மா விடுவதே நல்லது.

மேசையில் ஏதோ விழுந்து பள்ளமாகிவிட்டது. எந்த நிறப் பட்டி வாங்க?

பட்டியே வேண்டாம். நார் அறுபடாமல் அமுங்கித்தான் இருக்கிறது. ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி தொட்டுத் தொட்டு எடுங்கள், ஆவி ஏறி எழும்பிவிடும். பாலிஷ் இருந்தால் அந்த இடத்தில் வெளுக்கும், ஆகையால் முதலில் பாலிஷைச் சுரண்டிவிடுங்கள்.

திருகாணி துளை தளர்ந்துவிட்டது, பட்டி வைத்துத் திரும்ப முடுக்கலாமா?

கூடாது. பட்டி நிறத்துக்கு, பிடிப்புக்கு அல்ல. மரக்குச்சியைப் பசை தடவி அடித்து இறக்கி, மறுநாள் புதிதாகத் துளை போடுங்கள்.

பழைய பூட்டைக் கழற்றியதில் தேக்குக் கதவில் ஒரு அங்குல ஓட்டை. பட்டியால் அடைத்தேன், தோலில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி இருக்கிறது.

அந்த அளவுக்கு மரத்துண்டுதான். கதவின் மறைவான இடத்திலிருந்தோ அதே வயது பழைய மரத்திலிருந்தோ எடுத்து, ரேகை ஓட்டம் கதவோடு ஒரே வாட்டில் போகும்படி வெட்டுங்கள். வட்டமாக வேண்டாம், சாய்சதுரமாக வெட்டினால் ஓரங்கள் ரேகையோடு கலந்துவிடும். முதலில் துண்டை வெட்டி, கதவின் மேல் வைத்துக் கூரான கத்தியால் அச்செடுத்து, பிறகு குழியைத் தோண்டுங்கள், பலர் இதைத் தலைகீழாகச் செய்து துண்டு ஆடுகிறது என்கிறார்கள். புதுத் தேக்கு என்றால் சில வாரம் வெயில் வெளிச்சத்தில் வைத்து நிறம் மாறிய பிறகே பொருத்துங்கள், அரிந்த அன்றைய நிறத்தை நம்பாதீர்கள். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் மட்டும் நிறம் சேர்த்த அரக்குப் பட்டி. ரேகை அறுந்து தெரிந்தால், கோட்களுக்கு நடுவில் மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று கோடு இழுத்து இணைத்துவிடுங்கள்.

குண்டூசி முனை அளவில் நிறையத் துளைகள். அடைத்த பிறகும் கீழே மாவு கொட்டுகிறது.

மாவு கொட்டினால் உள்ளே புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் பூச்சி மருந்து. பிறகு கீழே ஒரு காகிதத்தை விரித்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள், புது மாவு விழவில்லை என்றால் நிறம் பார்த்து அடைக்கலாம். அதுவும் வீண் துண்டில் பார்த்துவிட்டு.