போர்ப்பதிவை அழிக்க 60 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். ஓய்வு நேரத்தில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டை விளையாடுகிறேன். சென்ற மாதம் காய்ச்சலுக்காக விடுப்பில் இருந்த நாளில், மாலையில் சற்றுத் தேறியதும் கில்டுக்காரர்களுடன் (விளையாட்டில் நான் சேர்ந்திருக்கும் குழு) ஒன்றரை மணி நேரம் ரெய்டுக்கு, அதாவது பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு போடும் சண்டைக்கு, போனேன். அன்றைய காம்பட் லாக் (போர்ப்பதிவு), என் பாத்திரத்தின் பெயரோடும் நேரத்தோடும், வீரர்கள் இத்தகைய பதிவுகளை ஏற்றும் ‘வார்கிராஃப்ட் லாக்ஸ்’ தளத்தில் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அதை நான் ஏற்றவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் அதே கில்டில் இருக்கிறார். என் உண்மைப் பெயர், ஐபி முகவரி, மின்னஞ்சல் எல்லாம் அந்தப் பதிவில் இருக்குமா? 60 யூரோ கொடுத்தால் அனைத்தையும் நிரந்தரமாக அழித்துத் தருவதாக டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 60 யூரோவைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவில் உங்கள் உண்மைப் பெயர் இல்லை, ஐபி முகவரி இல்லை, மின்னஞ்சல் இல்லை. கில்டு அரட்டையில் நீங்கள் தட்டிய ஒரு வரிகூட அதில் இல்லை.

அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். ரெய்டில் இருக்கும் எவரேனும் ஒருவர் அரட்டைப் பெட்டியில் சாய்கோடு போட்டு ‘காம்பட்லாக்’ என்று தட்டினால் போதும். அந்த நொடி முதல் அவருடைய கணினியில், விளையாட்டின் கோப்புறைக்குள் ‘லாக்ஸ்’ என்ற உட்கோப்புறையில், சாதாரண உரைக்கோப்பு ஒன்று வளரத் தொடங்கும். நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். உங்கள் பாத்திரம் இன்னொருவரைக் குணப்படுத்தியது என்றால், அந்த ஒரு செயலுக்கு ஒரு வரி எழுதப்படும். வரியின் தொடக்கத்தில் நாளும், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமான நேரமும் இருக்கும். அடுத்து, நடந்தது என்ன என்பதற்கான குறிச்சொல். அதன்பின் ‘பிளேயர்’ என்று தொடங்கி, செர்வரின் எண்ணும் பாத்திரத்தின் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளக்குறி. பிறகு உங்கள் பாத்திரப் பெயரும் செர்வரின் பெயரும், குணமடைந்தவரின் பெயர், மந்திரத்தின் எண், எவ்வளவு குணமாயிற்று என்ற அளவு. பெரிய எதிரியுடன் சண்டை தொடங்கும்போது ஒவ்வொருவருடைய ஆயுதம், கவசம், திறன் தேர்வுகள் ஆகியவை தனி வரிகளாக விழும். மேம்பட்ட பதிவு என்ற அமைப்பை இயக்கியிருந்தால், வரைபடத்தில் நீங்கள் நின்ற இடமும் சேர்ந்துவிடும். அரட்டையைப் பதிக்கும் கட்டளை வேறு, அதன் கோப்பும் வேறு. இந்தக் கோப்பை ஒருவர் தன் கணினியிலிருந்து அதற்கென உள்ள ஆப் மூலம் தளத்துக்கு ஏற்றுகிறார். இருபது பேர் சண்டை போட்ட ரெய்டில் ஒருவர் ஏற்றினாலே இருபது பேரும் பதிவுக்குள் வந்துவிடுகிறோம். உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகவே பதிவுக்குள் இருக்கும் எண்களுக்கு அஞ்ச வேண்டாம். இந்தப் பாத்திரம் நீங்கள்தான் என்று சொல்லக்கூடிய இணைப்பு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் கவனம் வேண்டும். நேரக்குறிப்பு தனியாகக் கிடக்கும்வரை யாருக்கும் அதனால் பயன் இல்லை. பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்தவருக்கோ, ஆறு மாதப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தால் நீங்கள் எந்தெந்த இரவில் வீட்டில் இருந்தீர்கள், எந்தெந்த இரவில் பணிக்குப் போனீர்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். தனியாக வசிக்கும் பெண்களிடம் இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இணைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை விளையாட்டு நிறுவனமே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. 2010 ஜூலை 6 அன்று, தன் கருத்துக்களத்தில் எழுதுவோரின் உண்மைப் பெயர் இனி வெளியே தெரியும் என்று பிளிசார்ட் அறிவித்தது. அதில் தீங்கில்லை என்று காட்டத் தன் உண்மைப் பெயரை வெளியிட்ட நிறுவன ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை, ஆட்கள் சற்று நேரத்திலேயே தேடியெடுத்துப் பரப்பினார்கள். எதிர்ப்புத் தாங்காமல் ஜூலை 9 அன்று நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பாத்திரப் பெயரையும் ஆளின் பெயரையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மூன்று நாட்கள் போதுமான சான்று.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பதிவை ஏற்றியவர் யார் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அவரிடமோ கில்டுத் தலைவரிடமோ, அந்த நாளின் பதிவை நீக்கும்படி, அல்லது ‘பிரைவேட்’ ஆக மாற்றும்படி கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தலைவர் நல்லவராக இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே, உங்கள் பேட்டில்நெட் கணக்கின் (பிளிசார்ட் விளையாட்டுகளில் நுழையும் கணக்கு) வழியாகத் தளத்தில் நுழைந்து, பாத்திரம் உங்களுடையதே என்று உரிமை கோருங்கள். அதன்பின் உங்கள் பாத்திரப் பக்கத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைக்கலாம். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. மறைப்பது வேறு, அழிப்பது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. பேட்டில்நெட் கணக்கின் தனியுரிமை அமைப்புகளில், விளையாட்டுத் தரவைச் சமூக மென்பொருளாளர்களுடன் பகிர்வதா வேண்டாமா என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் போர்ப்பதிவும் நின்றுவிடும் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிளிசார்ட் தன் செர்வரிலிருந்து பிறருக்குக் கொடுக்கும் தரவை மட்டுமே அந்தப் பெட்டி கட்டுப்படுத்தும். உங்கள் பக்கத்தில் நின்று சண்டை போடும் தோழரின் வட்டில் கோப்பு எழுதப்படுவதை அது தடுக்காது. பணம் கட்டிப் பாத்திரப் பெயரை மாற்றுவதும் வீண் செலவு. பெயர் மாறினாலும் நான் மேலே சொன்ன அடையாளக்குறி மாறுவதில்லை.

இப்போது அந்த 60 யூரோ ஆசாமி. கில்டு உறுப்பினரின் கணினியில் இருக்கும் கோப்பையோ, அவர் கணக்கில் ஏற்றிய அறிக்கையையோ டிஸ்கார்டில் இருக்கும் மூன்றாம் ஆள் அழிக்க எந்த வழியும் கிடையாது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே மறைப்பைச் செய்துவிட்டு, ‘முடிந்தது’ என்று படம் பிடித்து அனுப்புவார். அதோடு போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. என்னிடம் வந்த ஒருவர், இப்படித்தான் கடவுச்சொல்லைக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து, ‘ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஆத்தென்டிகேட்டரில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்’ என்று செய்தி வந்தது. நுழைவைச் சரிபார்க்கும் எண்ணைத் தரும் அந்தச் செயலியில் வந்ததையும் சொன்னார். மறுநாள் காலை அவருடைய பதினோரு ஆண்டுக் கணக்கு வேறொருவரின் மின்னஞ்சலுக்கு மாறியிருந்தது. அவர் மறைக்க விரும்பிய பதிவு அப்படியே தளத்தில் இருந்தது. உரிமை கோரும்போது உண்மையான தளம் உங்களைப் பேட்டில்நெட்டின் சொந்த நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். கடவுச்சொல்லை அங்கே மட்டும்தான் தட்ட வேண்டும். கடவுச்சொல்லை அரட்டையில் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஆட்கள் சில நேரம் பணம் கேட்காமல், ‘இந்த ஆப்பை நிறுவுங்கள், பதிவில் உங்கள் பெயர் வராது’ என்று ஒரு சுட்டியை அனுப்புவார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். 2014 ஜனவரியில் இதே விளையாட்டின் வீரர்களைக் குறிவைத்து ‘டிஸ்கர்’ என்ற தீநிரல் பரவியது. ஆட்-ஆன்களை (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) நிறுவப் பலரும் பயன்படுத்திய ‘கர்ஸ் கிளையன்ட்’ மென்பொருளைப் போலவே ஒரு போலியைச் செய்து, அதற்குள் வைத்து அனுப்பினார்கள். நீங்கள் நுழையும் அதே வேளையில் கடவுச்சொல்லையும் ஆத்தென்டிகேட்டர் எண்ணையும் சேர்த்தே அது பறித்தது. தோழரின் கணினியில் எழுதப்படும் வரியிலிருந்து உங்கள் பெயரை, உங்கள் கணினியில் நிறுவும் எந்த ஆப்பாலும் எடுக்க முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் இந்த வகை ஏமாற்று எதிலும் விழமாட்டீர்கள்.

பதிவில் உங்கள் சொந்த விவரம் எதுவும் இல்லை என்று நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்கள் விளையாட்டைப் பற்றியதன்று. ஆனால் உங்களைப் போன்ற பலர் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ விளையாட்டையும் சேர்த்து விளையாடுவதால் சொல்லியாக வேண்டும். அந்த விளையாட்டில் நிறுவனம் தரும் போர்ப்பதிவுக் கோப்பு இல்லை. வீரர்கள் பயன்படுத்தும் ‘ஏசிடி’ போன்ற கருவிகள், செர்வருக்கும் கணினிக்கும் இடையே ஓடும் தரவைப் படித்துத் தாமே பதிவை உருவாக்குகின்றன. விதிப்படி அங்கே வெளிக்கருவிகளுக்கே அனுமதி இல்லை. 2024-இல் ‘டான்ட்ரெயில்’ விரிவாக்கம் வந்தபோது, ஒருவரைத் தடுத்தால் அவருடைய எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து தடைபடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். தொல்லை தருபவர் வேறு பாத்திரத்தில் திரும்பி வருவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்காக, கணக்கைக் குறிக்கும் உள் அடையாள எண்ணை ஒவ்வொரு வீரரின் கணினிக்கும் செர்வர் அனுப்பியது. ‘பிளேயர்ஸ்கோப்’ என்ற செருகுநிரல் அந்த எண்களைத் திரட்டி ஒரு பொதுக் கிடங்கில் சேர்த்து, எந்தெந்தப் பாத்திரங்கள் ஒரே ஆளுடையவை என்று காட்டியது. துரத்துபவரிடமிருந்து தப்பிக்கப் புதுப் பாத்திரம் தொடங்கியவர்களையே அது காட்டிக்கொடுத்தது. 2025 ஜனவரியில் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா அறிக்கை வெளியிட்டு, கருவியை அகற்றக் கோருவதாகவும் சட்ட நடவடிக்கையை ஆராய்வதாகவும் சொன்னார். முகவரி, பணம் செலுத்தும் விவரம் போன்றவற்றை இவ்வழியில் எடுக்க முடியாது என்றும் விளக்கினார். அந்த விளையாட்டில் உங்களுக்கு இரகசியமாக வைத்திருக்கும் இரண்டாவது பாத்திரம் இருந்தால், அது இரகசியம் என்று நம்பி அதில் எதையும் பேசாதீர்கள். வார்கிராஃப்டின் போர்ப்பதிவில் இப்படிக் கணக்கு எண் கிடையாது. பாத்திரத்துக்கு உரிய எண்தான் இருக்கிறது.

கில்டுத் தலைவர் மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஜெர்மனியில் டிஎஸ்ஜிவிஓ என்று நீங்கள் அன்றாடம் கேட்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 17-ஆம் பிரிவின்படி, உங்களைப் பற்றிய தரவை அழிக்குமாறு தளத்திடம் எழுத்தில் கேட்கலாம். புனைபெயராக இருந்தாலும், அது உங்களைச் சுட்டக்கூடியதாக இருந்தால் அது தனிநபர் தரவே. கடிதத்தில் பாத்திரப் பெயர், செர்வர், பதிவின் நாள் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள்; விடுப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் இணைக்க விரும்பாத இரண்டு செய்திகளை நீங்களே ஒரே தாளில் இணைத்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தராவிட்டால், உங்கள் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் டுசல்டோர்ஃபில் இருக்கிறது; அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது. இதற்கும் ‘நாங்கள் எழுதித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்கள் வருவார்கள். அரைப்பக்கக் கடிதத்துக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ விளையாட்டில், பிறருடைய போர்ப்பதிவில் உங்கள் பெயர் தெரியாமல் இருக்க அமைப்புகளிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. சண்டையின் கணக்கு முழுவதும் பதிவாகும், ஆளின் பெயர் மட்டும் வராது. தொழில்நுட்பத்தில் இதற்கு ஒரு தடையும் இல்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. அப்படியிருக்க, மாதம்தோறும் சந்தா வாங்கும் மற்ற நிறுவனங்கள் ஏன் ஒரு பெட்டியைச் சேர்க்க மறுக்கின்றன? ஒரு நிறுவனத்துக்கு இதைப் பற்றி நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில் வந்தது, மூன்று நாளில் கோரிக்கை மூடப்பட்டது. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை இருபது பேரும் தனித்தனியாகக் கடிதம் எழுதிச் செய்ய வேண்டியிருக்கிறது. இடைத்தரகர்கள் நுழைவதும் அந்த இடைவெளியில்தான்.

விடுப்பைப் பற்றியும் ஒரு சொல். நோய் விடுப்பு என்றால் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்று ஜெர்மனியச் சட்டம் சொல்லவில்லை. குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது என்பதே விதி. மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் விளையாடியது குற்றமன்று. மேலாளர் கேட்டாலும் பதறிப்போய்ப் பொய் சொல்லாதீர்கள்.

கடைசியாக, உங்களோடு வேலை பார்க்கும் அந்தக் கில்டுத் தோழர். அவர் உங்கள் நண்பர் பட்டியலில் ‘ரியல் ஐடி’ (உண்மைப் பெயரைக் காட்டும் நண்பர் இணைப்பு) வழியாகச் சேர்ந்திருந்தால், உங்கள் உண்மைப் பெயர் அவருக்குத் தெரிவதோடு, அவருடைய நண்பர்களுக்கும் தெரியும் வாய்ப்பு இருக்கிறது. இன்று இரவு விளையாட்டைத் திறந்ததும் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பெயர் அங்கே முழுமையாகத் தெரிந்தால், அவரிடம் சொல்லிவிட்டு நீக்கி, பேட்டில்டேக் என்ற புனைபெயர் மூலம் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கில்டுத் தலைவருக்கு எழுதுங்கள்.