டைல்ஸை உடைக்காமல் குளியலறையைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: எங்கள் குளியலறை 4 அடிக்கு 6 அடி. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துவிட்டது, மூலையில் தண்ணீர் தேங்குகிறது, ஷவரில் நூல்போலத்தான் வருகிறது. உடைத்துக் கட்டக் கையில் பணமில்லை. எதில் தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட டைல்ஸின் குறை இல்லை. அதனால் டைல்ஸுக்குச் செலவழிக்காதீர்கள்.

முதலில் நீர்வாட்டம். அரை வாளித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் தேங்கிய இடத்தின் விளிம்பை மார்க்கரால் வரையுங்கள். வடிகால் ஜாலியைச் சுற்றித்தான் தேங்குகிறது என்றால் ஜாலி தரையைவிட மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் பெயர்த்து இறக்கிவைத்தால் போதும். ஜாலியைவிட்டுத் தள்ளித் தேங்கினால், கோட்டுக்குள் இருக்கும் டைல்களை மட்டும் எடுத்து, ரசமட்டம் வைத்து மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. சரிவு வருமாறு பதிக்கச் சொல்லுங்கள். நாலைந்து டைல்தான் போகும்.

அடுத்தது இடுக்குகள். பழைய கிரவுட்டின் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) மேலேயே புதியதைப் பூசுவதுதான் வழக்கமான தவறு. பிடிமானம் இல்லாமல் பொருக்குப் பொருக்காக உதிரும். கிரவுட் ரம்பத்தால் 3 மி.மீ. ஆழமாவது சுரண்டி, தூசியை எடுத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். பிறகு புதிய கிரவுட்டை நிரப்புங்கள். ஒரு அடி டைல்ஸ் என்றால் இந்தத் தரைக்கு 1 கிலோ தாராளம். எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் கறை பிடிக்காது. ஆனால் கலந்த அரைமணி, முக்கால்மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். டைல் மேல் படிந்ததை உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் பிறகு உளிதான். புதிதாகச் செய்பவர்களுக்கு பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட்டே நல்லது.

சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசைவதால் அங்கே விரிசல் விடும். பூஞ்சை எதிர்ப்பு சிலிகான் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக வழியுங்கள். 280 மி.லி. குழாய் ஒன்று போதும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

ஷவர் தலையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பாய்ந்து வந்தால் உப்படைப்புதான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில மணி நேரம் ஊறவையுங்கள். தலையைக் கழற்றியும் மெலிந்தே வந்தால் அழுத்தம் குறைவு. தொட்டி 1 மீட்டர் உயர்ந்தால் 0.1 பார் (அழுத்த அலகு) தான் கூடும். தட்டு அளவு 'மழை ஷவர்' அங்கே வெறும் அலங்காரம். சிறிய தலையே வாங்குங்கள். மாட்டும்போது மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, டெஃப்லான் டேப்பைக் கடிகாரச் சுற்றில் எட்டுப் பத்துச் சுற்று. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வரும்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்பவற்றைப் பெயர்த்தே ஆகவேண்டும். சிமெண்ட் பால் பளபளப்பான பரப்பில் பிடிக்காது. டைல் மேல் டைலுக்கான பசைதான் வேண்டும். தரை 10 - 12 மி.மீ. உயரும்: கதவின் அடியைச் சீவவும் ஜாலியை உயர்த்தவும் இப்போதே கணக்கில் வையுங்கள். வடிகாலை அடைத்து 2 செ.மீ. தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். கீழே கசிந்தால் ஒட்டாதீர்கள். கசிவை மூடி மறைத்ததாகத்தான் ஆகும்.

கேள்வி: கூரையில் பூஞ்சை, பெயிண்ட் அடித்தும் திரும்ப வருகிறது.

பதில்: பூஞ்சையைக் கொல்லாமல் அடித்திருப்பீர்கள். பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் அடியுங்கள். பிளீச்சுடன் ஆசிட்டோ வினிகரோ சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். குளித்த பிறகு 20 நிமிடம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். கதவடியில் ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் அது சும்மா சுற்றும்.