தாத்தா பர்மா பட்டாளத்தில் இருந்தாரா? எங்கே தேடுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். அம்மாவைப் பெற்ற தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போனவர் என்று ஆயா சொல்லும். தாத்தா இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு நட்சத்திர மெடலும் யூனிஃபார்ம் போட்ட ஒரு போட்டோவும்தான். அவர் எந்தப் படைப்பிரிவு என்று கண்டுபிடிக்க முடியுமா? லண்டனுக்கு எழுத வேண்டுமா?

பதில்: லண்டனை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மெடலைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் பின்பக்கத்தில் நம்பர், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்தே கொடுத்தார்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்துகூட நிழல் கட்டித் தெரியும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ராயபுரத்தில் ஒரு வீட்டில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெடலைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. நம்பரில் கடைசி இரண்டு இலக்கத்தைக் காணோம்.

அந்த நம்பர்தான் முக்கியம். பெயரை வைத்துத் தேடுவது கிட்டத்தட்ட வீண் வேலை. ஏழுமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளார்க் 'இ'யில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் 'ஒய்'யில். அப்பா பெயர் இனிஷியலாக இருக்கலாம், முழுப் பெயராகவும் ஒட்டியிருக்கலாம். ஊர் என்ற இடத்தில் தண்டையார்பேட்டை இருக்காது, வெறும் 'மெட்ராஸ்' இருக்கும். நம்பரில் இந்தக் குழப்பம் கிடையாது.

நம்பருக்குப் பிறகு வரும் எழுத்துகள் பிரிவைச் சொல்லும். 'ஐ.இ.' என்றால் இந்தியன் இன்ஜினியர்ஸ். நம் ஊர் ஆளாக இருந்தால் அநேகமாக மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, பட்டாளத்தில் 'தம்பி' என்று செல்லப்பெயர் வாங்கியவர்கள். 'ஐ.பி.சி.' என்றால் பயோனியர் கோர். ரோடு போட்டு, சுமை தூக்கியவர்கள். சாப்பர்ஸுக்கும் பயோனியர்களுக்கும் ஆவண அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். முன்பக்கம் 'பர்மா ஸ்டார்' என்று எழுதியிருந்தால் ஆயா சொன்னது சரி. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போருக்குக் கொடுத்தது அது.

மெடலில் எழுத்தே இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டி, பழைய பத்திரக் கட்டு எல்லாவற்றையும் கொட்டி டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயா, போரில் இருந்தவரின் மனைவி என்ற முறையில் அரசின் மாதாந்திர உதவித்தொகை வாங்கியிருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நம்பர் பதிவாகியிருக்கும். போட்டோவில் தோள்பட்டையிலும் தொப்பியிலும் உள்ள பேட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: காக்கி போட்டவர் எல்லாம் சிப்பாய் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானபோது தெருவைக் காத்த ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன்களும் பேரன் பேத்தி கணக்கில் 'மிலிட்டரி' ஆகிவிடுவதுண்டு.

நம்பர் கிடைத்ததும் அந்த ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்' என்று கேட்டால் 'அழிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வரும். அது பொய்யும் இல்லை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் கோப்புகளை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. ஆனால் 'லாங் ரோல்' என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் போன்ற சுருக்கமான விவரம் அதில் இருக்கும். அதனால் 'லாங் ரோல் பதிவின் நகல்' என்றே கேளுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

போரிலேயே இறந்தவர்களைத் தேடுபவர்களுக்கு வேலை சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் கல்லறை தெரியாமல் போனவர்களில் கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. கப்பலில் போய்த் திரும்பாத துறைமுகத்து ஆட்களை 'பம்பாய், சிட்டகாங் நினைவுச் சின்னம்' என்ற தலைப்பில் பாருங்கள். உங்கள் தாத்தா ஊர் திரும்பியவர், அதில் இருக்க மாட்டார்.

சரி, லண்டன். சாதாரண இந்தியச் சிப்பாயின் கோப்பு அங்கே போகவே இல்லை. ஆனால் லாங் ரோலிலோ டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டிலோ கம்பெனி (படைக்குள் ஒரு சிறு பிரிவு) நம்பர் கிடைத்துவிட்டால், லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் பெயர் நாட்குறிப்பில் வருவது அபூர்வம். அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் கூடாரம் போட்டார்கள், பாலம் எத்தனை நாளில் முடிந்தது, அன்றைக்கு மழை பெய்ததா என்பதெல்லாம் எழுதியிருக்கும்.