“ஏன் கிழிக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார்களா?

கேள்வி: நண்பர்கள் கூடும் இடங்களில் சின்னச் சின்னதாக மென்டலிசம், அதாவது மனதைப் படிப்பதுபோல் காட்டும் வித்தை, செய்து பார்க்கிறேன். ஒருவர் தாளில் எழுதியதைத் தெரிந்துகொள்ள, தாளை மடித்துக் கிழித்து, எழுத்து இருக்கும் நடுத்துண்டை மட்டும் கைக்குள் மறைத்துக்கொள்ளும் ‘சென்டர் டேர்’ பழகினேன். கை நன்றாகவே வருகிறது. ஆனால் போன வாரம் ஒருவர், “எழுதச் சொல்லிவிட்டு ஏன் கிழிக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கருவி எதுவும் இல்லாமல், அங்கே கிடைக்கும் தாள், பேனாவை வைத்தே செய்ய வேறு முறை இருக்கிறதா?

பதில்: வேறு முறைகள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் முறையை மாற்றினால் அந்தக் கேள்வி போய்விடாது. அடுத்த முறை “எதற்கு எழுத வேண்டும், மனதில் நினைத்தால் போதாதா?” என்று வேறு ஒருவர் கேட்பார். அதனால் கையில் இருக்கும் சென்டர் டேரையே முதலில் சரிசெய்வோம்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். 8 செ.மீ. சதுரத் தாளை நான்காக மடித்தால் 4 செ.மீ. சதுரம். அதைக் குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொரு முறை கிழித்தால், நடுப்பகுதி இருக்கும் துண்டு 2 செ.மீ. விரித்தால் 4 செ.மீ. ஆக, நடுவில் நீங்கள் வரைந்து கொடுக்கும் வட்டம் 3 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தமிழில் எழுதுபவரிடம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ‘பாலசுப்பிரமணியன்’ என்று எழுதினால் ‘சுப்பிரம’ மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும். சின்ன வார்த்தையாக ஒன்று என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மடித்த பிறகு நான்கு மூலைகளில் நமக்கு வேண்டியது எது? விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும். எந்த மூலையின் இரண்டு பக்கமும் மடிப்பாகவே இருக்கிறதோ, பிரிந்த ஓரம் எதுவும் தட்டுப்படவில்லையோ, அதுதான். அந்த மூலை உங்கள் பக்கம், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை கிழிக்கும்போதும் அது இருக்கும் பாதியை உங்களை நோக்கி முன்னால் வையுங்கள். கடைசியில் கட்டைவிரலால் அந்தத் துண்டை விரல்களுக்குள் இழுத்துக்கொண்டு மீதியை மேசையில் போட்டுவிடலாம். நான் இதை முதன்முதலில் ஆள் முன்னால் செய்தபோது மூலையை மாற்றிப் பிடித்துவிட்டேன். என் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது வெற்றுத் தாள். எழுதியவர் கையில் நானே கொடுத்த துண்டுகளுக்குள் ‘ஆமை’ சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மடித்தவுடன் சரியான மூலையில் நகத்தால் ஓர் அழுத்து அழுத்திவிடுகிறேன்.

சரி, உங்கள் நண்பரின் கேள்விக்கு வருவோம். கிழிப்பதற்கான காரணத்தைக் கிழித்த பிறகு சொன்னால் அது சாக்கு. எழுதுவதற்கு முன்பே சொல்லுங்கள்: “மனதில் மட்டும் வைத்திருந்தால் நடுவில் மாறிவிடும். எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் பதியும். அதற்குத்தான் இந்தத் தாள், அப்புறம் இது வேண்டாம்.” இப்படிச் சொல்லிவிட்டால், கிழிப்பது வேண்டாத ஒன்றை ஒழிப்பதாகத்தான் தெரியும். கிழிக்கும்போது உங்கள் கண் எங்கே இருந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். நிச்சயம் கையில் இருந்திருக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் அவர்களும் பார்ப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்து, “அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று ஏதாவது கேட்டபடியே கிழியுங்கள். பதில் சொல்ல யோசிக்கிறவர் தாளைக் கவனிக்க மாட்டார்.

அடுத்தது படிக்கும் நேரம். பலர் தடுமாறுவது இங்கேதான். துண்டைப் பிரித்துப் பார்க்க மேசைக்கு அடியில் குனிந்தால் கதை முடிந்தது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். “எனக்குத் தோன்றுவதைக் கிறுக்கிப் பார்க்கிறேன்” என்று அதைக் கையில் எடுங்கள். நோட்டு அவர்களுக்கு மறைவு, உங்களுக்குக் குனிய ஒரு காரணம். அதன் பின்னால் கட்டைவிரல் துண்டை விரிக்கும். ஒரு பார்வை, அவ்வளவுதான். பார்த்தவுடன் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கோடு கிறுக்குங்கள், அடித்துவிடுங்கள், நோட்டை மூடி வையுங்கள், பேச்சை மாற்றுங்கள். ஒரு நிமிடம் போகட்டும். நீங்கள் குனிந்ததே அவர்களுக்கு மறந்துபோக வேண்டும்.

கிழிக்காமல் செய்ய வேண்டுமென்றால் ‘பீக்’ இருக்கிறது. விசிட்டிங் கார்டு போன்ற கொஞ்சம் தடித்த அட்டை, எழுத்து உள்ளே வரும்படி ஒரே ஒரு மடிப்பு. வாங்கி வேறொருவரிடம் கொடுக்கும் வழியில், பக்கங்களை விரல்களால் லேசாக அழுத்தினால் அட்டை வளைந்து வாயைத் திறக்கும். அந்த அரை விநாடிதான் உங்களுடையது. சென்டர் டேரைவிட இது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அட்டை கடைசி வரை அவர்கள் கண் முன்னாலேயே முழுசாக இருக்கிறது. ஆனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பேனாவுக்குப் பதில் தடித்த மார்க்கர் கொடுங்கள்.

பென்சில் நுனியின் அசைவைப் பார்த்தே கண்டுபிடிப்பது எண்களுக்கும் எளிய வடிவங்களுக்கும் மட்டுமே சரிவரும். வட்டம் நிற்காமல் ஓடும், முக்கோணம் மூன்று இடத்தில் திரும்பும். தமிழ் எழுத்துகளில் இதை முயற்சி செய்யாதீர்கள், அந்தச் சுழிகளில் நீங்களும் சுழன்றுவிடுவீர்கள். நோட்டில் அடுத்த பக்கத்தில் விழும் பேனாத் தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது ஒரு மாற்று வழி, அவ்வளவே.

மூன்று பேர் இருந்தால் மட்டும் ‘ஒன் அஹெட்’ என்ற பழைய முறையை விடாதீர்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி மடித்துத் தருகிறார்கள். ஒன்றை மட்டும் எப்படியாவது பார்த்துவிட்டு, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் சீட்டைப் பிரிக்காமல் நெற்றியில் வைத்து, நீங்கள் பார்த்துவைத்த மூன்றாமவரின் வார்த்தையைச் சொல்லுங்கள். அவர் ஆமாம் என்றதும், சரிபார்ப்பதுபோல் கையில் இருக்கும் சீட்டைப் பிரியுங்கள். உண்மையில் நீங்கள் படிப்பது முதலாமவர் எழுதியதை. இரண்டாவது சீட்டை எடுத்து அதைச் சொல்லுங்கள், இப்படியே போகும். ஒரு திருட்டுப் பார்வைக்கு மூன்று பலன்.

இவ்வளவு எளிய வேலைக்கு யார் மயங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் பெர்ட் ரீஸ் என்பவர், மடித்த சீட்டுகளைப் பிரிக்காமலே படிப்பவராகப் புகழ்பெற்றிருந்தார். தாமஸ் எடிசனே அவரை நம்பினார். ரீஸைத் தான் கையும் களவுமாகப் பிடித்ததாக வித்தைக்காரர் ஹூடினி சொன்னார். விஞ்ஞானி தாளைப் பார்க்கவில்லை, வித்தைக்காரர் பார்த்தார், அதுதான் வித்தியாசம்.

எழுதச் சொல்வதில் ஓர் எல்லை வையுங்கள். பின் நம்பர், பாஸ்வேர்டு வேண்டாம். வெற்றிகரமாகச் செய்தால், கைதட்டியவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். இறந்துபோனவர் பெயரும் வேண்டாம்.

கடைசியாக, சென்டர் டேர் செய்பவர்களில் பாதிப் பேர் விடுகிற ஒரு சின்ன வேலை. படித்து முடித்ததும் நடுத்துண்டைக் கையிலேயே வைத்திருக்காதீர்கள். பழையபடி மடித்து, மேசையைச் சுத்தம் செய்கிற சாக்கில் மற்ற துண்டுகளோடு சேர்த்துவிடுங்கள். உங்கள் நண்பர் அடுத்த முறை ஏன் கிழித்தீர்கள் என்று கேட்டால், துண்டுகளை அவர் பக்கமே தள்ளிவிடலாம். உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.