படகு டேங்கில் டீசல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி?

கேஜ் பாதி காட்டிய பிறகு டீசல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் டேங்கின் வடிவம்தான் காரணம். படகின் அடிப்பகுதிக்கு ஏற்ப டேங்கும் கீழே குறுகும். டேங்குக்குள் மிதந்து கேஜுக்கு அளவு சொல்லும் மிதவை அளப்பது உயரத்தை மட்டுமே. பாதி உயரத்தில் பாதி டீசல் இருக்காது.

மிதவையைப் புதிதாக மாற்றியிருந்தால் அதையும் பாருங்கள். அது கேஜுக்கு அனுப்புவது மின்தடை அளவு: அமெரிக்க வகை டேங்க் காலியில் 240 ஓம், நிரம்பினால் 33. ஐரோப்பிய வகை காலியில் 10, நிரம்பினால் 180. கேஜோடு பொருந்தாவிட்டால் முள் தலைகீழாகக் காட்டும்.

நான் நம்புவது குச்சியைத்தான். டேங்கைக் காலி செய்யுங்கள். படகு அசையாமல், வழக்கமான சுமையோடு நிற்கும்போது 20 லிட்டர் ஊற்றி, டீசல் அடங்கியதும் குச்சியை நேராக இறக்குங்கள். நனைந்த விளிம்பில் கத்தியால் ஒரு கீறல். அப்புறம் அடுத்த 20. டேங்க் நிரம்பும்வரை இப்படியே. கீறல்கள் கீழே தள்ளித் தள்ளியும் மேலே நெருக்கமாகவும் விழும்; கேஜ் ஏமாற்றிய இடம் கண்ணுக்கே தெரியும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாது, அதனால் கடைசிக் கொஞ்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, அலையில் குச்சி உதவாதே? அங்கே நோட்டுதான். எஞ்சின் ஓடிய நேரத்தை எழுதுங்கள். மறுபடி அதே கீறல்வரை நிரப்ப 84 லிட்டர் பிடித்து, எஞ்சின் 7 மணி நேரம் ஓடியிருந்தால் மணிக்கு 12 லிட்டர். வலை இழுத்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். அப்போது செலவு வேறு. போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, மீதியை எதிர்காற்றுக்கு வையுங்கள்.