தூக்குமேடையும் லெக் புல்லிங்கும்

அன்புள்ள சார்,

மகளின் ஆங்கில வகுப்புக்காக, உடலுறுப்புகள் வரும் மரபுத்தொடர்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். 'லெக் புல்லிங்' லண்டன் தூக்குமேடையிலிருந்தும், 'கோல்ட் ஷோல்டர்' (பாராமுகம்) வேண்டாத விருந்தாளிக்குப் போட்ட ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியிலிருந்தும் வந்ததாக ஒரு வாட்ஸப் செய்தி சொல்கிறது. நம்பலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் முதல் கதையில் பாதி நிஜம். லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில், வண்டியில் நிற்கவைத்துக் கழுத்தில் சுருக்கைப் போட்டு வண்டியை ஓட்டிவிடுவார்கள். உயிர் லேசில் போகாது. சீக்கிரம் முடியட்டும் என்று உறவினர்களே காலைப் பிடித்து இழுத்தார்கள். சரி, டைபர்னில் கடைசித் தூக்கு 1783இல். கிண்டல் என்ற பொருளில் இந்தத் தொடர் எழுத்தில் தலைகாட்டுவதோ 19ஆம் நூற்றாண்டில். அதை விடுங்கள், சாகிறவனுக்குச் செய்த கடைசி உபகாரம் எப்படிக் கேலியாகும்? நடக்கிறவன் காலை இடறிவிட்டுச் சிரிப்பதிலிருந்து வந்திருக்கலாம் என்ற எளிய ஊகமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நாமும் நம்பவைத்துக் கவிழ்ப்பதற்கும் நண்பனைக் கலாய்ப்பதற்கும் 'காலை வாருவது' என்று ஒன்றையேதான் சொல்கிறோம்.

'கோல்ட் ஷோல்டர்' வால்டர் ஸ்காட்டின் 'தி ஆன்டிக்குவரி' நாவலில் (1816) ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கில் வருகிறது. அங்கே ஒரு சீமாட்டியின் வெறுப்பைச் சொல்லும்போது, அவள் தோளைக் 'காட்டினாள்' என்றுதான் இருக்கிறது. பரிமாறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் எதிரே தெரிவது தோள்தானே? கறியெல்லாம் பிற்பாடு சேர்த்த மசாலா.

'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்பதற்கும் ஒரு கதை உங்களைத் தேடி வரும்: பழங்கால ஓவியர்கள் கைக்கும் காலுக்கும் தனிக்கூலி வாங்கினார்களாம். யானை விலை என்ற பொருளில் அது புழக்கத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்குள் கேமராவே பழசாகிவிட்டது.

மகளின் நோட்டில் 'பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்' இருக்கட்டும். மயிரிழையில் தப்பினேன் என்று பொருள். இதன் பிறப்பிடத்தில் சந்தேகமே இல்லை: பைபிளில் யோபு 19:20. 1560இல் வந்த ஜெனீவா பைபிள் எபிரேயச் சொற்களை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவிட்டது. பல்லுக்கு ஏது தோல் என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலோ தப்பியது யோபு அல்ல, அவருடைய பற்களை மூடக் கொஞ்சம் தோல் மட்டும். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் வாங்கி, மகளையும் உட்காரவைத்துப் படித்துப் பாருங்கள்.