குதிரைவீரனின் கே

கேள்வி: இரவுக்கும் 'நைட்', குதிரைவீரனுக்கும் 'நைட்'. ஆனால் வீரனுக்கு மட்டும் முன்னால் ஒரு கே போட்டு எழுத வேண்டுமாம். ஆங்கிலத்தில் எழுத்தும் பேச்சும் ஏன் இப்படி ஒட்டாமல் கிடக்கின்றன?

பதில்: அந்தக் கே ஒரு காலத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது. 'க்னிஹ்ட்' என்றுதான் சொன்னார்கள். நடுவிலுள்ள ஜிஎச்சும் தொண்டையில் உரசி ஒலித்தது. 'நேம்' அன்று 'நாமெ', 'டைம்' அன்று 'டீமெ'. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் வரிசையாக இடம் மாறின. அந்தக் களேபரத்தின் நடுவில், 1476ல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். நாக்கு நகர்ந்துகொண்டே போயிற்று. ஈய எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

காக்ஸ்டனுக்கே இது தலைவலிதான். 1490ல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். நெதர்லாந்துப் பக்கத்துச் சீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள், காற்று இல்லாமல் தேம்ஸில் கப்பல் நின்றுவிட, கரையேறி ஒரு வீட்டில் சாப்பிடக் கேட்டார்கள். ஒருவர் 'எக்கெஸ்' கேட்டார். முட்டைதான். வீட்டுக்கார அம்மாளோ, "எனக்குப் பிரெஞ்சு தெரியாதே" என்றாள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னே, அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது! இன்னொருவர் 'ஐரென்' என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

'ஐரென்' உள்ளூர்ப் பழைய ஆங்கிலத்தின் வழியில் வந்தது. 'எக்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் சொல். வந்தேறிதான் ஜெயித்தது. 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே'கூட வைக்கிங்குகள் கொடுத்ததுதான். பொருளோடு பெயர் வருவது சகஜம். ஆனால் 'தே' மாதிரிச் சொல் வரை கடன் வாங்க வேண்டுமானால் இரண்டு கூட்டமும் அக்கம்பக்கமாகக் குடியிருந்து, கொண்டும் கொடுத்தும் வாழ்ந்திருக்க வேண்டும். அப்புறம் 1066ல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தார்கள். கோர்ட், ஜட்ஜ் எல்லாம் அவர்களுடைய பிரெஞ்சு வழியாக நுழைந்தவை.

கேள்வி: இந்தக் குழப்பத்தைத் தடுக்க யாரும் முயலவில்லையா?

பதில்: முயலாமலா? எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712ல் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதினார். 'மாப்' போன்ற வெட்டிச் சுருக்கிய சொற்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இன்று கும்பல் கூடினால் பத்திரிகைகள் எழுதுவது அந்த 'மாப்'தான். சாமுவேல் ஜான்சனும் மொழியைக் கட்டிப்போடும் ஆசையோடுதான் அகராதி வேலையில் இறங்கினார். 1755ல் அகராதி வந்தபோது, அது நடக்கிற காரியமில்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

கேள்வி: ஒரே ஆளைக் குறிக்க 'தே' என்கிறார்களே இன்றைய பிள்ளைகள். இலக்கணக் கொலை இல்லையா?

பதில்: யாரென்று தெரியாத ஒருவரைக் குறிக்க 14ஆம் நூற்றாண்டிலிருந்தே 'தே' புழங்குகிறது. தெரிந்த ஒருவருக்கே அதைச் சொல்வதுதான் புதுசு. அதுவும் முன்பு நடந்த கதைதான்: 'யூ' ஆதியில் பலரைக் குறித்த சொல். ஒருவருக்கு 'தவ்' இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே 'யூ' என்று அழைத்து அழைத்து, கடைசியில் 'தவ்' வழக்கொழிந்தது. 'நீங்கள்' சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சரி, உங்களுக்குப் பிடிக்காத மாற்றமே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? 'லிட்டரலி' என்றால் 'நிஜமாகவே'. "சிரித்துச் சிரித்து லிட்டரலி செத்தேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பல் கூசும். அந்த வழக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது என்று தெரிந்தும் கூசுகிறது.